பெரிய எழுத்துக்கு முன்னால் ஒரு புள்ளி

வெள்ளகோவில் பக்கத்துக் காட்டு ஊர் ஒன்றிலிருந்து கண்ணம்மாள் திருப்பூருக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. அறுபத்தெட்டாம் வருஷம், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம். ராயபுரத்தில் இரண்டு பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடந்த ஒரு தொடக்கப் பள்ளியில் அவளை மூன்றாம் வகுப்புக்குப் போட்டிருந்தார்கள். பள்ளிக்குப் பின் தெருவில், மருதம்மாள் என்ற நெசவுக்கார வீட்டுப் பெண் அவளுக்கு ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்தாள்.

"ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க டீச்சர்?" என்று முதல் நாளே மருதம்மாள் கேட்டாள்.

"ஊர்ல காட்டுல வெள்ளாமை பாக்கறாருங்க," என்றாள் கண்ணம்மாள்.

ஆத்தப்பன் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பாதிச் சோறு தட்டில் இருக்கும்போது கிணற்று மோட்டார் நின்றுவிட்டது என்று யாரோ வந்து சொல்ல, "வந்தர்றேன்" என்று கையை உதறிவிட்டுப் போனவன். கிணற்றுக்குள் இறங்கினான், உயிரோடு ஏறி வரவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம். அவளுக்கு வெள்ளைச் சேலையைக் கட்டி மூலையில் உட்காரவைத்தார்கள். அழு என்றார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பே முடித்திருந்த ஆசிரியர் பயிற்சி கைகொடுத்து, வேலைக்கு உத்தரவு வந்தது. அன்றைக்குப் பஸ் ஏறியவள் காங்கயத்தில் இறங்கினாள். ஒரு பச்சைச் சேலையும் மஞ்சள் கயிறும் குங்குமமும் வாங்கினாள். திருப்பூரில் இறங்கும்போது அவளைப் பார்த்தவர்கள் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை.

யாரையும் ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "இருந்தாருங்க" என்று சொல்ல நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். "இருக்காருங்க" என்பது தானாக வந்தது.

வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். இங்கிலீஷ் அப்போதுதான் அவர்களுக்குத் தொடக்கம். எழுத்தை உருப்போட வைப்பதில் அவளுக்குச் சிரமம் இல்லை. பெரிய எழுத்து எங்கே, சின்ன எழுத்து எங்கே, புள்ளி எங்கே என்று சொல்லிக் கொடுப்பதற்குள்தான் தொண்டை வறண்டுவிடும். நம் 'அ'வுக்கு ஒரே உருவம். அவர்களுடைய எழுத்துக்கு மட்டும் ஏன் இரண்டு?

"பெரிய எழுத்து பெத்த குஞ்சுங்களாங்க டீச்சர் சின்ன எழுத்து?" என்று சுப்புலட்சுமி என்ற சிறுமி எழுந்து கேட்டாள். வகுப்பே சிரித்தது.

"அப்படித்தான் வெச்சுக்கோ. ஒரு வாக்கியம் கெளம்பும்போது பெரியவங்க முன்னால போவோணும். ஆளுக பேரு, ஊரு பேரு வந்தாலும் பெரிய எழுத்து. 'நான்'னு சொல்ற 'ஐ' மட்டும் நடுவுல வந்தாலும் நிமுந்துதான் நிக்கும்."

புள்ளிக்கு அவள் வேறு வழி வைத்திருந்தாள். பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்துப் பாடத்தை வாசிப்பாள். கமா வந்தால் அரை மூச்சு. புல் ஸ்டாப் வந்தால் எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். தப்பாக உட்கார்ந்தவர்கள் அடுத்த வாக்கியம் முழுவதும் நிற்க வேண்டும். பக்கத்துப் பனியன் கம்பெனி மிஷின்களின் கடகடப்புக்கு நடுவே ஐம்பத்திரண்டு பிள்ளைகள் தொப்பென்று ஒரே நேரத்தில் உட்காருவது தெரு வரைக்கும் கேட்கும்.

அவளுக்கு முன் பத்தொன்பது வருஷம் அந்த வகுப்பை நடத்தியவர் லிங்கசாமி வாத்தியார். அந்தப் பங்குனியில்தான் காலமாகியிருந்தார். அவர் கையால் எழுதிய பெரிய எழுத்து அட்டை இன்னும் சுவரில் தொங்கியது. எல்லா எழுத்தும் இடது பக்கம் சாய்ந்திருந்தன.

"அவருக்கு எடது கைப் பழக்கமுங்க," என்றார் தலைமையாசிரியர் ஞானசம்பந்தம். "பிரம்பே எடுக்க மாட்டாரு. ஆனா ஒரு புள்ளி உட்டுப்போனா உடமாட்டாரு."

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, 'என் குடும்பம்' என்று ஆறு வாக்கியம் எழுதச் சொல்லி நோட்டுகளை வாங்கினாள். திங்கட்கிழமை திருத்திக்கொள்ளலாம் என்று மர அலமாரியில் அடுக்கிப் பூட்டினாள். சிவப்பு மைக்கூடும் தொட்டு எழுதும் பேனாவும் அதற்குள்ளேயே இருந்தன. திங்கள் காலை திறந்து முதல் நோட்டைப் பிரித்தாள். திருத்தியிருந்தது.

அடுத்ததும் அப்படியே. ஐம்பத்திரண்டும்.

பிள்ளைகள் விட்டிருந்த இடத்திலெல்லாம் மிளகு அளவில் சிவப்புப் புள்ளிகள், அழுத்தி, உருண்டையாக வைக்கப்பட்டிருந்தன. முதலில் அவளுக்குத் தலைமையாசிரியர் மேல்தான் சந்தேகம் வந்தது. அவர் கையை விரித்தார்.

"நல்லதாப் போச்சுங்க டீச்சர். வேலை மிச்சம்," என்று சிரித்தவர், நோட்டை வாங்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சுப்புலட்சுமிதான் அதைக் கவனித்துச் சொன்னாள்.

"டீச்சர், எங்கப்பன் பேருக்கு முன்னால புள்ளி வெச்சுப்போட்டு, அப்பறம் அதைய அடிச்சுட்டீங்களே, ஏனுங்க?"

கண்ணம்மாள் வாங்கிப் பார்த்தாள். 'மை பாதர் ஈஸ் வேலுமணி' என்று குழந்தை எழுதியிருந்தாள். 'ஈஸ்' என்பதற்குப் பின்னால், வேலுமணிக்கு முன்னால், ஒரு சிவப்புப் புள்ளி. அதன் மேல் முடி போல ஒரு மெல்லிய கோடு, வேண்டாம் என்று அடித்திருந்தது. மற்ற நோட்டுகளையும் புரட்டினாள். ஒவ்வொரு ஆள் பெயருக்கு முன்னாலும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளி மேலும் ஒரு கோடு. வாக்கியத்தின் நடுவில் நிற்கும் 'ஐ'க்கு முன்னாலும் அப்படியே. எல்லாக் கோடுகளும் இடது பக்கம் சாய்ந்திருந்தன.

ராத்திரி படுக்கையில் யோசித்து அவளுக்கு ஒன்று விளங்கியது. புள்ளி வைத்த ஆளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பெரிய எழுத்து எங்கே கண்டாலும் அதற்கு முன்னால் ஒரு புள்ளி வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதனால்தான் பெயர்களுக்கு முன்னாலும் புள்ளி. கோடு போட்ட ஆளுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். அப்படியானால் இரண்டு பேர்.

அடுத்த வாரமும் அதேதான் நடந்தது. அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தலைமையாசிரியரிடம் முன்கதவுச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். கம்பெனிகளுக்கு விடுமுறை. மிஷின் சத்தம் இல்லாத ராயபுரத்தை அவள் அதற்கு முன் அந்தப் பள்ளிக்குள்ளிருந்து கேட்டதில்லை. தன் செருப்புச் சத்தம் அவளுக்கே பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் வகுப்பின் பின்கதவு திறந்திருந்தது. வெளிச்சம் விழும் இடத்தில், தரையில் காலை நீட்டி, மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை. பக்கத்தில் மைக்கூடு. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தி, வலது கையால் பேனாவை அழுத்திப் புள்ளி வைத்தாள்.

"ஆருங்க நீங்க?" என்றாள் கண்ணம்மாள்.

அம்மாள் திடுக்கிடவில்லை. "வா கண்ணு. புது டீச்சரா? நான் வேலாத்தாள். லிங்கசாமி வாத்தியார் ஊட்டுக்காரி. பின்னாடி சந்துலதான் ஊடு."

"அலமாரிச் சாவி ஏதுங்க?"

"அவிக வெச்சிருந்த சாவிதான்." இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

அவள் சொன்னது இதுதான். லிங்கசாமிக்குக் கடைசி ஆறு வருஷம் இரண்டு கண்ணிலும் புரை. தெரிந்தால் வேலைக்கு மோசம் வந்துவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. கரும்பலகையில் எழுதுவது கைப்பழக்கத்தில் நடந்தது. நோட்டுத் திருத்தத்தான் முடியவில்லை. வேலாத்தாளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அவர் சுவர் அட்டையைப் போல வீட்டிலும் ஒன்று எழுதிவைத்து, பெரிய எழுத்துகளின் உருவத்தை மட்டும் அவளுக்குப் பழக்கினார். பெரிய எழுத்தைக் கண்டால் முன்னால் பார், புள்ளி இல்லாவிட்டால் வை. அவள் ஐம்பது நோட்டுக்கும் வைத்துக் கொடுப்பாள். அவர் நோட்டை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவள் தப்பாக வைத்ததைத் தேடி அடிப்பார்.

"பேருக்கும் பெரிய எழுத்துத்தான் வரும், அங்கெல்லாம் புள்ளி வெக்காதேன்னு எத்தனையோ தடவை சொன்னாங்க. எனக்கு எது பேரு, எது பேரில்லைன்னு எப்புடிங் கண்ணு தெரியும்? அடிச்சுட்டுச் சிரிப்பாங்க."

"இப்ப எதுக்குங்கம்மா வர்றீங்க?"

"நோட்டு தேங்கிக் கெடக்குதுன்னு அவிக சொல்றாங்க. வரலீன்னா தூங்க உடறதில்லை."

சாதாரணமாக, பால்காரர் இன்னும் வரவில்லை என்பது போல அவள் அதைச் சொன்னாள். கண்ணம்மாள் செருப்பைத் தரையில் வைத்தாள். மெல்லக் கேட்டாள். "பேருக்கு முன்னால இருக்கற புள்ளியெல்லாம் அடிச்சிருக்குதுங்களே. அது ஆருங்க?"

"நான் புள்ளி மட்டுந்தாங் கண்ணு வெப்பேன். அடிக்கறது அவிகதான்."

மடியில் இருந்த நோட்டைக் கண்ணம்மாள் வாங்கினாள். தரையில் இருந்தவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எல்லாவற்றிலும் புள்ளிகள்தான். ஒரு கோடு கூட இல்லை. நோட்டுகளையும் மைக்கூட்டையும் பேனாவையும் அலமாரிக்குள் வைத்துத் தானே பூட்டினாள். வேலாத்தாளின் சாவியையும் கேட்டு வாங்கி, இரண்டையும் கைக்குள் இறுக்கிக்கொண்டு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அதையவே பாத்துட்டு இருக்காதே," என்றாள் வேலாத்தாள். "பாத்தா செய்ய மாட்டாங்க. கூச்சம் ஜாஸ்தி."

இருவரும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். வேலாத்தாள் கொத்தமல்லி விலையைப் பற்றிப் பேசினாள். வெளியே ஒரு சைக்கிள் மணி கேட்டது. தெருக்குழாயில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. அலமாரியிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"போதுங் கண்ணு. தெற," என்றாள் வேலாத்தாள்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்து மேல் நோட்டை எடுத்தாள். அர்த்தநாரி என்ற பெயருக்கு முன்னால் இருந்த புள்ளியின் மேல் ஒரு மெல்லிய கோடு. அவள் கட்டைவிரல் அதில் பட்டு இழுத்தது. விரல் சிவப்பானது. மை காயவில்லை.

"அவிக இருந்தப்ப கோடு இப்படி நேரா வராதுங் கண்ணு," என்றாள் வேலாத்தாள், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "கோணக்காமாணையா இருக்கும். இப்பக் கண்ணு நல்லாத் தெரியுதாட்ட இருக்குது."

கண்ணம்மாள் நோட்டுகளை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினாள். முன்வாசலில் நின்று வாய்க்குள் கையை வைத்துக் கடித்துக்கொண்டாள். ஊருக்கே போய்விடலாம் என்று நினைத்தாள். ஊரில் வெள்ளைச் சேலையும் மூலையும் இருந்தன. வெகுநேரம் கழித்துத் திரும்பி உள்ளே போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டாள். வேலாத்தாளின் சாவியை அவளிடமே கொடுத்தாள்.

அன்றைக்குச் சாவியைக் கொடுத்தது பயத்தால்தான். ஆனால் அடுத்து வந்த வாரங்களில் பயத்துக்கு அடியில் வேறொன்று கிளம்பி வந்தது. பொறாமை. இந்த அம்மாளுக்குப் புருஷன் வாரா வாரம் வருகிறார். வந்து சும்மா தப்புத் திருத்துகிறார். எட்டு மாதம் வாழ்ந்தவளுக்கு ஒரு கனவு கூட வரவில்லையே. "வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தானே போனான்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் புது நோட்டு ஒன்றுக்குக் காக்கிக் காகித அட்டை போட்டாள். பெயர் எழுதவில்லை. முதல் பக்கத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல எழுத்தைக் கோணலாக்கி, ஒரே ஒரு வாக்கியம் எழுதினாள். 'மை ஹஸ்பண்ட் ஈஸ் ஆத்தப்பன்.' கடைசிப் புள்ளியைச் சரியாக வைத்தாள். மற்றபடி கை வைக்கவில்லை. நோட்டை அடுக்கின் நடுவில் செருகிப் பூட்டினாள்.

தான் என்ன எதிர்பார்த்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. வேலாத்தாள் ஆத்தப்பனுக்கு முன்னால் புள்ளி வைப்பாள். லிங்கசாமி அதை அடிப்பார். அவன் பெயருக்கு முன்னால் முற்றுப்புள்ளி வேண்டாம் என்று, சாவுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒருவர் தன் கையால் சொல்வார். அது போதும் என்று நினைத்தாள்.

சனியும் ஞாயிறும் பள்ளிப் பக்கமே போகவில்லை. திங்கட்கிழமை எட்டு மணிக்கே பள்ளிக்குப் போனாள். கம்பெனியில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டைத் தேடி எடுத்துப் பிரித்த நேரத்தில் கரண்ட் நின்றது. அந்த நிசப்தத்தில் அவள் படித்தாள்.

ஆத்தப்பனுக்கு முன்னால் மிளகுப் புள்ளி இருந்தது. அதன் மேல் மெல்லிய கோடும் இருந்தது. அவள் நினைத்தபடியே. ஆனால் திருத்தம் அத்தோடு நிற்கவில்லை. 'ஈஸ்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். அதற்கு மேல், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில், அழகாக, 'வாஸ்' என்று எழுதியிருந்தது.

திருப்பூரில் ஓர் உயிருக்கும் அவள் சொன்னதில்லை. மருதம்மாளுக்குத் தெரியாது. தலைமையாசிரியருக்குத் தெரியாது. புள்ளி வைத்தவளுக்கு எழுதவே தெரியாது.

நோட்டைக் கையில் பிடித்தபடி பின்கதவு வழியாகச் சந்துக்குள் நடந்தாள். வேலாத்தாள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணம்மாளுக்குப் பயம் போய்க் கோபம் வந்திருந்தது.

"உங்க ஊட்டுக்காரரைக் கூப்புட்டுக் கேளுங்க. இதைய ஆரு திருத்தச் சொன்னாங்கன்னு கேளுங்க!"

வேலாத்தாள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னங் கண்ணு எழுதியிருக்குது?"

கண்ணம்மாள் சொன்னாள். முதலில் வாக்கியத்தைச் சொன்னாள். பிறகு, 'ஈஸ்' என்றால் இருக்கிறார் என்றும், 'வாஸ்' என்றால் இருந்தார் என்றும் சொன்னாள். அந்தச் சொல்லைத் தமிழில் அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலாத்தாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் தலையைத் தன் மடிக்கு இழுத்தாள். "அவிக அப்படித்தாங் கண்ணு. தப்புன்னா தப்புதான். பெத்த புள்ளை எழுதினாலும் உடமாட்டாங்க."

கண்ணம்மாள் அழுதாள். வெங்காயத் தோல் தலைமுடியில் ஒட்ட, முதல் மணி அடித்து, இரண்டாம் மணியும் அடிக்கும் வரை அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை. தலைமையாசிரியர் ஆள் அனுப்பியபோது, டீச்சருக்குக் காய்ச்சல் என்று வேலாத்தாள் சொல்லி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் மருதம்மாளிடம் போய்ச் சொன்னாள். "நான் சொன்னது பொய்யிங்க. எங்க ஊட்டுக்காரர் இறந்து ரெண்டு வருசமாச்சுங்க." மருதம்மாள் அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தாள். அடுத்த மாதம் வீட்டில் ஒரு சீமந்தம் வந்தபோது அவளை அழைக்கவில்லை. வீட்டைக் காலி செய்யவும் சொல்லவில்லை. தலைமையாசிரியர், "எனக்கு எதுக்குங்க டீச்சர் அதெல்லாம், வகுப்பு நல்லா நடக்குதா, அதுதான்," என்றார். கண்ணம்மாள் மஞ்சள் கயிற்றைக் கழற்றினாள். வெள்ளைச் சேலை மட்டும் கட்டவில்லை. பச்சை, நீலம், காப்பிக்கொட்டை நிறம் என்று வேண்டியதைக் கட்டினாள். யாராவது கேட்டால் மறைக்காமல் பதில் சொன்னாள். அப்படிப் பதில் சொன்ன பிறகு அந்த ஆள் இன்னொரு கேள்வி கேட்டதில்லை.

நோட்டுகள் வாரா வாரம் அலமாரிக்குப் போய்த் திருத்தப்பட்டு வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணம்மாளும் வேலாத்தாளோடு போய் உட்கார ஆரம்பித்தாள். புள்ளி வைத்து முடித்ததும் இருவரும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். வேலாத்தாளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். பெயர் எது என்று தெரிந்துவிட்டால் தப்பே வராதே என்றாள்.

"வேண்டாங் கண்ணு," என்றாள் வேலாத்தாள். "தப்பு வரலீன்னா அவிக எதுக்கு வருவாங்க?"

எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி அடைமழையில் வேலாத்தாள் படுத்தாள். மூன்று நாள் கண்ணம்மாள் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். கடைசி நாள் வேலாத்தாளின் வலது கை, போர்வையின் மேல், விட்டு விட்டு எதையோ குத்திக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

காரியம் முடிந்து பள்ளிக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, கண்ணம்மாள் நோட்டுகளை அலமாரியில் வைக்கவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே திருத்தினாள். வெளியே கம்பெனி ஷிப்டு மாறும் சங்கு ஊதும்வரை ஆனது. புள்ளிகளைச் சரியான இடத்தில் வைத்தாள். பெயர்களுக்கு முன்னால் எதுவும் வைக்கவில்லை. ஒருமுறைக்கு மூன்று முறை சரிபார்த்தாள்.

அதன் பிறகு பல வருஷம் அந்த வகுப்பிலேயே இருந்தாள். புதிதாக வந்த ஆசிரியைகள் அவளைக் கேலி செய்வார்கள். மூன்றாம் வகுப்பு நோட்டுக்குப் போய் இத்தனை பார்க்க வேண்டுமா என்பார்கள். அவள் சிரித்துவிட்டு அடுத்த நோட்டை எடுப்பாள். லிங்கசாமி இன்னும் வருகிறாரா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதானால் ஒரு தப்பை வேண்டுமென்றே விட்டு, அலமாரியைப் பூட்டிவிட்டு, ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் பேனாவைத் தொட்டு ஒரு பெயருக்கு முன்னால் கொண்டுபோயிருக்கிறாள். மை சொட்டும் முன் கையை எடுத்துவிடுவாள்.